வண்ணமும் பதிப்பும் ஒட்டும்

உருவங்களைக் காட்டாது, வண்ணம், கோடு, வடிவம் என்பவற்றின் இயைபினாலேயே உள்ளத்தைத் தொட முனைவது அரூப ஓவியம். மரத்திலோ உலோகத்திலோ அட்டையிலோ அச்சொன்றை அமைத்து, மை பூசித் தாளில் எடுப்பது கைப்பதிப்பு. தாள், துணி முதலியவற்றை வெட்டியுங் கிழித்தும் ஒட்டி ஆக்குவது ஒட்டுச்சித்திரம். மேனாட்டார் இதனைக் 'கொலாஜ்' என்பர். இம்மூன்றையும் ஒரே படத்தில் இணைக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. காண்போரிற் பலர், 'வரையத் தெரியாதவர் கண்டுபிடித்த வழி இது' என்று எளிதிற் கூறிவிடுகின்றனர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1912ஆம் ஆண்டு மே மாதத்திற் பிக்காசோ சிறிய நீள்வட்டப் படமொன்றை ஆக்கினார். பிரம்பு பின்னிய நாற்காலியின் இருக்கை அதிற் காணப்படுகின்றது. ஆயின் அப்பின்னல் அவர் தீட்டியதன்று. பின்னல் போல அச்சடித்து விற்கப்பட்ட மெழுகுசீலைத் துண்டேயாகும். அதனை ஒட்டி, அதன் மேல் நெய்வண்ணந் தீட்டி, சுற்றிலுங் கயிற்றைச் சட்டமாக இட்டார். தீட்டல், அச்சு, ஒட்டு ஆகிய மூன்றும் ஒருங்கு கூடியமைக்கு இப்படத்தையே தொடக்கமாகக் கொள்ளலாம். அவ்வச்சு பொறியால் ஆயது, படமும் முற்றும் அரூபமன்று என்பன உண்மையே. எனினும் வாயில் திறந்துவிட்டது.

அதே ஆண்டிற் பிரான்சின் தென்பகுதியிலுள்ள சோர்க் என்னும் ஊரில் இருந்த பிராக், அவிஞ்ஞோன் நகரக் கடையொன்றில் மரவரி அச்சிடப்பட்ட சுவர்த்தாளைக் கண்டார். அதனை வாங்கி வெட்டித் தாளில் ஒட்டி, கரித்துண்டினாற் கோடிட்டுப் படமாக்கினார். இங்கே ஒன்று கருதத்தக்கது. பிராக்கின் தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசுந் தொழிலினர். மகனும் அத்தொழிலைப் பயின்றவர். மரவரியைத் தூரிகையாலுஞ் சீப்பாலும் மெய்போலத் தீட்ட அவருக்கு நன்கு தெரியும். தெரிந்தும் கடைத்தாளை எடுத்தார் எனின், கைத்திறன் இன்மையன்று காரணம் என்பது வெளிப்படை. தீட்டிய மரம், அச்சிட்ட மரம், வெறுங்கோடு என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும்போது, எது மெய், எது போலி என்னும் வினாத் தானே எழுகின்றது. அவ்வினாவையே அவர் விரும்பினார் போலும்.

ஜேர்மனியிற் குர்ட் ஷ்விற்றேர்ஸ் 1919 முதல் பயணச்சீட்டு, உறை, விளம்பரத்துண்டு என எறியப்பட்ட அச்சுத்தாள்களையே வண்ணத்தோடு சேர்த்து முழு அரூபப் படங்களை ஆக்கினார்.

மூன்று கலைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்ட இடத்தைக் காண விரும்புவோர், மத்தீசின் 'ஜாஸ்' என்னும் நூலை நோக்குதல் வேண்டும். 1941இல் நிகழ்ந்த பெரிய அறுவை மருத்துவத்தின் பின் மத்தீஸ் பெரும்பாலும் படுக்கையிலுஞ் சக்கர நாற்காலியிலுமே இருந்தார். உதவியாளர் தாள்களில் நீர்க்குழம்பு வண்ணத்தைப் பூசிக் கொடுப்பர். அவர் கத்தரிக்கோலால் நேரே வெட்டி அடுக்குவார். இவ்வாறு ஆக்கியவற்றை 1947இல் தெரியாட் என்னும் வெளியீட்டாளர் இருபது படங்கள் கொண்ட நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தகடு வெட்டி, அதன் துளை வழியே கையினால் வண்ணம் ஏற்றினர். வெட்டிய தாள்களிற் பூசிய அதே வண்ணமே பதிப்பிலும் பயன்பட்டது. ஆயினும் மத்தீஸ் மனநிறைவு கொள்ளவில்லை. காரணம் எளிது. ஒட்டிய தாளுக்குத் தடிப்பு உண்டு. விளிம்பில் மெல்லிய நிழல் உண்டு. கத்தரி திரும்பிய இடந் தெரியும். பதிப்பில் அவை யாவும் ஒரே தளமாயின. நிறம் மாறவில்லை, உயிர்ப்புக் குறைந்தது. அந்நூலின் பெரும்புகழ் இக்குறையை மறைத்துவிட்டது என்பது என் கருத்து.

இக்குறைக்கு ஒருவகை விடையாகவே ஒட்டிய பொருளையே அச்சாக்கும் முறையைக் கருதலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் கற்பித்த கிளென் ஆல்ப்ஸ் 1950களில் இதற்குக் 'கொலாகிராப்' எனப் பெயரிட்டார். தடித்த அட்டையொன்றில் துணி, நூல், காய்ந்த இலை, மணற்றாள் ஆகியவற்றைப் பசையிட்டு ஒட்டி, உலர்ந்த பின் மெருகெண்ணெய் பூசி நீர் புகாதவாறு செய்வர். பின்னர் மையை எங்கும் தேய்த்து, மேலே நிற்பதைத் துணியால் துடைப்பர். மணற்றாளின் சொரசொரப்பு மையை விடாது பற்றுமாதலால் அவ்விடம் கருமையாகப் பதியும். வழுவழுப்பான இடம் வெளிறும். நூலின் இருமருங்கும் மை தேங்கிக் கோடாகும். ஈரப்படுத்திய தாளை வைத்து அழுத்துபொறியிற் செலுத்தினால், மையோடு மேடுபள்ளமுந் தாளில் ஏறும். மத்தீஸ் இழந்த தடிப்பு இங்கே வேறொரு வழியால் மீள்கின்றது.

அழுத்துபொறி இல்லாத மாணவர், மேடான பகுதிகளில் மட்டும் உருளையால் மையிட்டு, மெல்லிய தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுக்கலாம். படம் இடவல மாற்றமாகவே வரும்; எழுத்தைச் சேர்ப்போர் இதனை மறவாதிருக்க. மூன்றையும் இணைக்குங்கால் ஒழுங்குமுறை இன்றியமையாதது. நெய்மையின் மேல் நீர்வண்ணம் ஒட்டாது திரண்டுவிடும். ஆதலின் நீர்வண்ணத்தை முதலிலே பூசி உலரவிட்டு, அதன் மேற் பதிப்பை எடுத்து, மை நன்கு காய்ந்த பின்னரே ஒட்ட வேண்டும். கோதுமை மாப் பசையை மெல்லிதாகப் பூசி, கனத்த நூல்களின் கீழ் ஓரிரவு வைத்தால் தாள் சுருளாது. செய்தித்தாளை ஒட்டுவதாயின், அது சில ஆண்டுகளிற் பழுப்பேறும் என்பதை அறிந்தே ஒட்டுக. பிக்காசோவும் பிராக்கும் ஒட்டிய செய்தித்தாள்கள் இன்று தேநீர் நிறம் அடைந்துள்ளன.