சட்டமும் நகையும்: பேட்மேன் – ஜட்ஜ் டிரெட் கூட்டுக்கதை குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

இரு வேறு பதிப்பகங்களுக்கு உரிய கதைமாந்தர் ஒரே கதையில் சந்திப்பதைக் காமிக்ஸ் உலகில் ‘கிராஸ்ஓவர்’ என்பர். இதனை நாம் ‘கூட்டுக்கதை’ எனக் குறிப்பிடுவோம். இத்தகைய கதைகள் பெரும்பாலும் வணிக நோக்கில் பிறப்பவை. நாயகர் இருவரும் முதலில் மோதுவர்; பின்னர்ப் பொதுப்பகையை எதிர்த்து ஒன்றுசேர்வர். இவ்வாய்பாட்டை ஏற்றுக்கொண்டே அதனை எள்ளி நகையாடும் படைப்பு, 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜட்ஜ்மெண்ட் ஆன் கோதம்’. ஜான் வாக்னரும் ஆலன் கிரான்ட்டும் எழுத, சைமன் பிஸ்லி வண்ண ஓவியங்களாகத் தீட்டிய நூல் இது. இதன் இருண்ட நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினாவாகும்.

இரு நாயகர், இரு அறங்கள்

1939இல் அமெரிக்காவில் தோன்றியவன் பேட்மேன். அவன் சட்டத்தின் அதிகாரம் பெற்றவன் அல்லன். முகமூடியணிந்து இரவில் குற்றவாளிகளை வேட்டையாடும் தனிமனிதன். எனினும் கொலை செய்வதில்லை என்பது அவன் வகுத்துக்கொண்ட வரம்பு. ஜட்ஜ் டிரெட், 1977இல் பிரிட்டனின் ‘2000 ஏடி’ வார இதழில் அறிமுகமானவன். அணுப்போருக்குப் பிந்திய மெகா-சிட்டி ஒன் நகரில் காவலர், நீதிபதி, தண்டனை நிறைவேற்றுபவர் ஆகிய மூன்று பணிகளும் அவன் ஒருவனிடமே உள்ளன. அவன் வாசகர் போற்றுவதற்காக மட்டும் படைக்கப்பட்டவன் அல்லன். அதிகாரம் எல்லை மீறினால் என்னவாகும் என்பதைக் காட்டும் அங்கத வடிவமும் ஆவான். எழுத்தாளர் இருவரும் இவ்விரு நாயகரையும் முன்னரே எழுதிப் பழகியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நகை பிறக்கும் இடம்

மரண நீதிபதி எனத்தக்க ஜட்ஜ் டெத் கோதம் நகருக்குள் நுழைகிறான். அவனது பரிமாணம் கடக்கும் கருவி பேட்மேனின் கைக்குக் கிட்ட, அவன் மெகா-சிட்டி ஒன்னைச் சென்றடைகிறான். அங்கே டிரெட் அவனைக் கைது செய்கிறான். கோதமில் வீரச்சின்னங்களாக விளங்கும் முகமூடியும் கருவிகளும் இங்கே குற்றத்தின் சான்றுகளாகிவிடுகின்றன. சிந்தித்துப் பார்த்தால், டிரெட்டின் குற்றச்சாட்டில் பிழை ஏதுமில்லை. அரைநூற்றாண்டுக்கும் மேலாக வாசகர் கேளாது விட்ட கேள்வியையே அவன் கேட்கிறான். நகை இங்கேதான் பிறக்கிறது. உளமறியும் ஆற்றல் கொண்ட ஜட்ஜ் ஆண்டர்சன், பேட்மேனின் உள்ளத்தைப் படித்து உண்மையை உணர்கிறாள். டிரெட்டோ இணங்குவதில்லை; விதியைக் கண்டவன் மனிதனைக் காண்பதில்லை. தொல்காப்பியம் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலும் மடனும் இக்காட்சியில் ஒருங்கே அமைகின்றன எனலாம்.

தருக்கத்தின் எல்லை

மரண நீதிபதியின் கொள்கை எளியது: குற்றங்கள் யாவற்றையும் செய்பவர் உயிருள்ளவரே, ஆகவே வாழ்வதே குற்றம். 1980 முதல் டிரெட் கதைகளில் இடம்பெறும் இப்பாத்திரம் சிரிப்பையும் அச்சத்தையும் ஒருசேர எழுப்புவது. ஏனெனில் அவன் டிரெட்டுக்கு அயலானவன் அல்லன். டிரெட்டின் தருக்கத்தை இறுதிவரை நீட்டினால் வந்துசேரும் இடமே அவன். கதையில் மூவர் ஒரு வரிசையில் நிற்கின்றனர்: சட்டமின்றித் தண்டிப்பவன், சட்டத்தால் தண்டிப்பவன், சட்டத்தின் பெயரால் அனைவரையும் அழிப்பவன். ஒவ்வொருவனும் தன்னையே நீதியின் வடிவமாகக் கருதுகிறான். நெற்றியில் பொருத்திய திருகை முடுக்கிச் சினத்தை ஏற்றிக்கொண்டு தலையால் முட்டும் மீன் மெஷின் என்னும் முரடன், இவ்வரிசைக்கு வெளியே நிற்கும் கோமாளி. நீதி பேசாத ஒரே வன்முறையாளன் அவனே.

முடிவுரை

பிரிட்டன் காமிக்ஸ் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’, பிரிட்டனின் ஃப்ளீட்வே நிறுவனக் கதையே. அம்மாயாவியும் தொடக்கத்தில் குற்றம் புரிந்து, பின்னரே நாயகனானவன். இவ்வகைக் கதைகளை விளையாட்டு நூல்கள் என ஒதுக்குவது எளிது. ஆயின் தண்டிக்கும் உரிமையை ஒருவனுக்கு வழங்குபவர் யார் என்ற வினாவை, அறவுரை ஏதுமின்றி, சிரிக்கவைத்தே எழுப்பும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. மாணவர் தம் நாயகனைக் கண்டு சிரிக்கத் தொடங்கும்போதே அவனை மதிப்பிடவும் தொடங்குகின்றனர். திறனாய்வின் முதற்படி அதுவே என நாம் கருதுகிறோம்.