‘சினெக்டகி’யைக் கண்டு பயமா? தமிழ் வகுப்பிலேயே அதைப் படிச்சாச்சு!

யூஜிசி நெட் தேர்வில் ஆங்கில இலக்கியம் எழுதப் போகும் பலர் முதலில் வாங்குவது, எம்.எச்.ஏப்ரம்ஸின் இலக்கியக் கலைச்சொல் கையேடு. 1957-ல் முதல் பதிப்பு வந்த புத்தகம். வாங்கியதும் என்ன செய்வோம்? முதல் பக்கத்தில் தொடங்குவோம். ‘அப்சர்ட்’, ‘அலிகரி’, ‘அலிட்டரேஷன்’... ‘பேலட்’ வரும்போது பேனாவை உள்ளே வைத்து மூடிவிடுவோம். நான் மூன்று முறை மூடியிருக்கிறேன்.

அகர வரிசை தேடுவதற்கு நல்லது, படிப்பதற்கு அல்ல. குழப்பும் சொற்களை ஜோடியாக எடுத்துக்கொண்டால் வேலை பாதியாகும். பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கு.

‘தலைக்கு ரெண்டு தோசை’ என்கிறோம். தலையா சாப்பிடப் போகுது? உறுப்பைச் சொல்லி ஆளைக் குறிக்கிறோம். நமக்கு இது சினையாகுபெயர், ஆங்கிலத்தில் சினெக்டகி. ‘மல்லிகை வாங்கிட்டு வா’ என்றால் யாரும் கொடியோடு வருவதில்லை. முழுசைச் சொல்லி உறுப்பைக் குறிக்கும் இந்தப் பொருளாகுபெயரும் சினெக்டகிதான். ஆனால், ‘கோட்டையில் இருந்து உத்தரவு வந்துருச்சு’ என்பது வேறு. கட்டிடம் உத்தரவு போடாது. அது அரசின் உறுப்பும் அல்ல, இருக்கும் இடம். இது மெட்டானமி. ‘ஷேக்ஸ்பியர் படிச்சாச்சா?’ என்று நாடகத்துக்குப் பதில் ஆளைச் சொல்வதும் அதே வகை.

தமிழில் இரண்டுக்கும் ஆகுபெயர் என்ற ஒரே குடை. தேர்விலோ இரண்டும் பக்கத்து பக்கத்து ஆப்ஷனாக வந்து நிற்கும். முழுசுக்கும் உறுப்புக்குமான உறவு என்றால் சினெக்டகி, வெறும் தொடர்பு என்றால் மெட்டானமி. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்.

எல்லாமே இப்படிப் பொருந்தாது, அதுதான் சிக்கல். பேச்சில் ‘எதுகை மோனை’ என்று ஒரே மூச்சில் சொல்லி ரைம் என்று நினைத்துக்கொள்கிறோம். வரிக் கடைசியில் வரும் ரைமுக்கு நெருக்கமானது இயைபு. மோனைக்குப் பக்கத்தில் வருவது அலிட்டரேஷன். ஆனால், அங்கே கணக்கு ஒலிதான், எழுத்து அல்ல. ‘கிங்’, ‘நைஃப்’ இரண்டும் ‘கே’யில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகாது. ‘ஃபோன்’, ‘ஃபிஷ்’ ஆகும். இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகைக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் தேட வேண்டாம், கிடைக்காது.

தற்குறிப்பேற்றம் இன்னும் சுவாரஸ்யம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கொடிகள் கோவலனை வராதே என்று கைகாட்டுவதுபோல அசையும். இயற்கைக்கும் பொருட்களுக்கும் மனித உணர்வை ஏற்றுவதை ஆங்கிலத்தில் பத்தெட்டிக் ஃபாலசி என்பார்கள். 1856-ல் அந்தப் பெயரை வைத்த ஜான் ரஸ்கின் அதைக் குறையாகச் சொன்னார். பெயரிலேயே ‘ஃபாலசி’, அதாவது பிழை இருக்கிறதே! நம் தண்டியலங்காரம் அதே குணத்தை அணி என்று கொண்டாடுகிறது. (இதில் என் ஓட்டு தண்டிக்குத்தான்.)

தமிழ் உதவாத இடம், விமர்சகர்கள் உருவாக்கிய சொற்கள். இவற்றை விளக்கத்தோடு ஆள், ஆண்டு சேர்த்துப் படிப்பது நல்லது. பொருத்துக, கால வரிசைப்படுத்துக என்று கேட்பது வழக்கம். நம்ப மறுக்கும் மனதை விரும்பி ஒதுக்கிவைப்பது பற்றி கோல்ரிட்ஜ் எழுதியதும், ‘நெகட்டிவ் கேப்பபிலிட்டி’ பற்றி கீட்ஸ் கடிதம் எழுதியதும் ஒரே ஆண்டு, 1817. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1917-ல் ஷ்க்லோவ்ஸ்கியின் ‘டிஃபெமிலியரைசேஷன்’. அதற்கு இரண்டு ஆண்டு தள்ளி எலியட்டின் ‘அப்ஜெக்டிவ் கோரிலேட்டிவ்’.

இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். தவறான விடைக்கு மைனஸ் கிடையாது. நான்கு ஆப்ஷனில் இரண்டை அடித்துவிட முடிந்தாலே துணிந்து ஒன்றைக் குறிக்கலாம்.

அப்புறம், அது ‘ஹைபர்போல்’ இல்லை, ‘ஹைபர்பொலி’. எழுத்துத் தேர்வில் யாருக்கும் தெரியாது. வேலைக்கான நேர்காணலில் தெரிஞ்சுடும்.