புழக்கடைக் கோழிகள்

வீட்டில் கோழி வளர்ப்பவனுக்கு இரண்டு வகை வருவாய் உண்டு. ஒன்று முட்டை, மற்றொன்று சிரிப்பு. முட்டை சில நாள் கிடைக்காமற் போகலாம். சிரிப்பு பெரும்பாலும் தவறுவதில்லை. கோழி செய்வதெல்லாம் நமக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது. ஏன் அப்படிச் செய்கிறது என்று தேடிப் பார்த்தாலோ, வேடிக்கைக்குப் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது. தேடாமற் சிரித்துவிட்டுப் போனால் சில வேளை இழப்பும் நேரும். பாடம், இழப்பு இரண்டையும் எங்கள் வீட்டுப் புழக்கடையிலேயே நான் கண்டேன். அவற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து சில கல் தொலைவில் இருக்கிறது எங்கள் சிற்றூர். ஒரு பக்கம் நெல்வயல்; மறுபக்கம் ஆலைகளின் புகைபோக்கிகள். என் மகன் ஓர் ஆலையில் முறைவேலை பார்ப்பவன். அவனும் மருமகளும், பேரனும் பேத்தியும், நானும் என் துணைவியாரும் அடங்கியது எங்கள் குடும்பம். இவர்களோடு ஒரு சேவலும் ஐந்து பெட்டைகளும் உண்டு.

முதலில் சேவலின் கதை. ஒருநாள் சேவல் கூவியது கேட்டு என் துணைவியார் எழுந்தார். வாசலைப் பெருக்கினார், நீர் தெளித்தார், கோலமும் இட்டார். அடுப்பை மூட்டப் போனபோதுதான் சுவர்க் கடிகாரம் அவர் கண்ணிற் பட்டது. மணி ஒன்றுகூட ஆகவில்லை! இரண்டாம் முறை வேலை முடித்தவர்களை இறக்கிவிட வந்த ஆலைப் பேருந்தின் விளக்கொளி புழக்கடையில் விழ, அதைக் கண்டு நம் சேவல் கூவியிருக்கிறது. நெடுநாள் வரையில் அந்த நள்ளிரவுக் கோலம் எங்கள் தெருவுக்கே ஒரு வேடிக்கைப் பேச்சாயிற்று.

அப்படியானால், வெளிச்சத்தைக் கண்டுதான் சேவல் கூவுகிறதா? ஜப்பான் நாட்டு நகோயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிம்முரா, யோஷிமுரா என்னும் இரு ஆய்வாளர்கள் இவ்வினாவுக்கு 2013-ஆம் ஆண்டில் விடை தந்தார்கள். இரவு பகல் வேறுபாடே தெரியாதபடி, எந்நேரமும் மங்கிய ஒளி ஒரே அளவாக இருக்கும் அறையில் அவர்கள் சேவல்களை வைத்தார்கள். விடியல் என்பதே இல்லாத அவ்விடத்திலும் சேவல்கள் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, உரிய வேளையிற் கூவின. சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. வெளிச்சமும் பிற சேவல்களின் குரலும் அதைக் கூவத் தூண்டுவது உண்மையே. ஆனால் அத்தூண்டுதலுக்குச் சேவல் மிகுதியாக இணங்குவது விடியற்பொழுதில்தான். ஆகவே எங்கள் சேவலைப் பொய்யன் என்று சொல்வதற்கில்லை. நாளுக்கு ஒரு விடியல் என்று அதன் உடல் கணக்கு வைத்திருந்தது. பேருந்து இடையிற் புகுந்து இன்னொரு விடியலைக் காட்டிவிட்டது.

இனிப் பெட்டைகளின் கதை. ஒருமுறை சந்தையிலிருந்து புதிய பெட்டை ஒன்றை வாங்கி வந்தோம். கூட்டுக்கு அருகில் அதை விட்டவுடனே பழைய கோழிகள் ஐந்தும் சூழ்ந்துகொண்டு கொத்தத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் முன்னே நின்று கொத்தியது, வயதாகி ஒரு காலைச் சாய்த்து நடக்கும் நொண்டிப் பெட்டை. அதற்கு அஞ்சி மற்றக் கோழிகளும் வழிவிட்டு விலகின. "நொண்டிப் பாட்டிதான் இங்கே தலைமையாசிரியர்" என்று பேரன் சொல்ல, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இக்காட்சியைச் சிறு வயதிலேயே கூர்ந்து நோக்கி, எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்தவர் நார்வே நாட்டினரான ஷெல்டெருப் எப்பே. பின்னர் 1921-ஆம் ஆண்டில் அதையே தம் ஆராய்ச்சிப் பொருளாக அவர் ஆக்கிக்கொண்டார். ஒரு கூட்டத்திலுள்ள கோழிகளுக்குள் வரிசைமுறை ஒன்று உண்டு. முதலிடத்திலுள்ளது எல்லாவற்றையும் கொத்தலாம். கடைசியிலுள்ளது எல்லாரிடமும் கொத்துப் படவேண்டும் என்று அவர் கண்டார். இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் வரிசை ஒருமுறை அமைந்துவிட்டால் ஒவ்வொரு பிடி தீனிக்கும் சண்டை நேர்வதில்லை. புதியதொரு கோழி வரும்போது அந்த ஏற்பாடு குலைகிறது. அதனால்தான் அத்தனை ஆரவாரம். சேவல்களுக்குள்ளும் இவ்வரிசை உண்டு. முதலிடத்துச் சேவலே முதலிற் கூவும், மற்றவை தத்தம் வரிசைப்படி பின்தொடரும் என்று மேற்சொன்ன ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் காட்டியிருக்கிறார்கள்.

இதற்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் எளிய வழி ஒன்றைத் துணைவியார் அறிந்திருந்தார். இரவில் கோழிகள் அடைந்தபின், இருட்டில் புதிய கோழியைக் கூட்டுக்குள் விட்டுவிடுவார். இருளிற் கோழிக்குக் கண் நன்றாகத் தெரியாது. காலையில் விழிக்கும்போது புதியது தம்மோடு ஒன்றாக அமர்ந்திருப்பதைக் கண்டு, பழையவை சற்று அடங்கிப்போகும். அவ்வாறே நடந்தது. அந்த வழியை நானும் பலருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அப்பெருமைக்கு நேர்ந்ததைப் பின்னாற் சொல்கிறேன்.

மூன்றாவது கதை அடைக்கோழியினுடையது. பேரனுடைய டென்னிஸ் பந்து காணாமற் போயிற்று. பத்து நாள் தேடினான். கடைசியில் விறகு அடுக்கின் சந்தில், சிவலைப் பெட்டையின் வயிற்றின் கீழ் அஃது அகப்பட்டது. கோழி பந்தை அடைகாத்துக்கொண்டிருந்தது! கை நீட்டிய பேரனுக்குக் கொத்துத்தான் கிடைத்தது. பந்து எப்போது பொரிக்கும் என்று பேத்தி கேட்டாள்.

கோழியின் மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும்போது அடைகாக்கும் வேட்கை பிறக்கிறது. அப்போது தீனி குறையும், முட்டையிடுவது நின்றுவிடும். உருண்டையாக ஏதேனும் வயிற்றுக்கடியில் இருந்தாற் போதும். முட்டை எது, பந்து எது என்று ஆராயும் நிலையிற் கோழி இராது. நாங்கள் பந்தை எடுத்துவிட்டு ஒன்பது முட்டைகளை வைத்தோம். தாய்க்கோழி அலகினால் அவற்றை நாள்தோறும் பலமுறை புரட்டியது. உள்ளிருக்கும் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க அவ்வாறு புரட்டுவது இன்றியமையாதது. 21-ஆம் நாள் ஏழு குஞ்சுகள் வெளிவந்தன. பேத்தி ஏழுக்கும் பெயர் சூட்டினாள்.

கோடை தொடங்கியபோது சந்தையிலிருந்து மீண்டும் ஒரு பெட்டை வாங்கினோம். முன்போலவே இரவில் அதைக் கூட்டில் விட்டோம். ஆறாம் நாள் காலையில், "தாத்தா, சிவலை நாட்டியம் ஆடுகிறது, வந்து பாருங்கள்!" என்று பேரன் கூவினான். போய்ப் பார்த்தோம். சிவலை கழுத்தைத் திருகிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, பின்னோக்கித் தள்ளாடி நடந்தது. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பேத்தி மட்டும், "ஏன் தாத்தா அப்படி நடக்கிறது?" என்று கேட்டாள். "வெயில் மயக்கம் அம்மா" என்று சொல்லிவிட்டு நாளிதழை விரித்துக்கொண்டேன்.

அது வெயில் மயக்கமன்று. ஒரு வாரத்திற்குள் சேவல் போயிற்று. சந்தைக் கோழி உட்பட ஐந்து பெட்டைகள் போயின. பெயர் சூட்டிய குஞ்சுகளில் ஐந்து போயின. நொண்டிப் பெட்டையும், வேறொரு பெட்டையும், இரண்டு குஞ்சுகளுமே எஞ்சின. முட்டை விற்ற பணத்தைத் துணைவியார் ஒரு டப்பாவில் பேத்திக்கென்று சேர்த்து வந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முட்டைக் கூடையைக் கழுவி, ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

வந்தது வெள்ளைக்கழிச்சல் என்று நம் மக்கள் சொல்லும் இராணிக்கெட் நோய். இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஜாவாத் தீவிலும் 1926-இல் இந்நோய் இனங்காணப்பட்டது. சிறிது காலத்திற்குள் நம் நாட்டில், இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரிலும் அது கண்டறியப்பட்டது. அவ்வூர்ப் பெயரே நம் நாட்டில் நோய்க்கும் பெயராயிற்று. இதை உண்டாக்குவது ஒரு வைரஸ். எச்சத்தாலும் சளியாலும், மனிதர் காலணியிற் படிந்த அழுக்காலுங்கூட இது பரவும். நரம்பைத் தாக்கும்போது கழுத்துத் திருகிக்கொள்ளும், கால் தள்ளாடும். நாங்கள் நாட்டியம் என்று கண்டு சிரித்தது, அக்கோழியின் நோய்க்குறி.

நோய் வந்தபின் இதற்கு மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; எட்டாம் வாரத்தளவில் இறக்கையடியில் ஓர் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை இதற்கென முகாம்களும் நடத்துகிறது. மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், கிராமத்துக் கோழிகளுக்குத் தீனிபோலக் கொடுக்கத்தக்க குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. முகாம் அறிவிப்பை நானே படித்திருந்தேன். 'ஐந்தாறு கோழிக்கு ஊசி எதற்கு?' என்று எண்ணி வாளாவிருந்தேன். சந்தைக் கோழியை இரண்டு மூன்று வாரமாவது தனியே வைத்திருக்கவேண்டும், அதையும் செய்யவில்லை. இருட்டில் அதைக் கூட்டுக்குள் விடும் நம் கெட்டிக்காரத்தனம் சண்டையைத் தவிர்த்தது. நோய்க்கோ கதவைத் திறந்துவிட்டது.

தள்ளாடும் கோழியைக் கண்டவர் உலகில் நான் ஒருவன் மட்டுமல்லன். ஜாவாவின் பட்டேவியா நகரில், இன்று ஜகார்த்தா எனப்படும் ஊரில், ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துவந்தார். 1889-ஆம் ஆண்டையொட்டி அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தள்ளாடத் தொடங்கின. பெரிபெரி கண்ட மனிதரும் அவ்வாறே தள்ளாடுவதை அவர் நினைத்துப் பார்த்தார். சில மாதங்களிற் கோழிகள் தாமே குணமடைந்தன. 'ஏன் வந்தது, ஏன் போயிற்று?' என்று அவர் தேடினார். இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு முன்பு கோழிகளுக்குப் போடப்பட்டது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோறு கோழிகளுக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார். அதன்பின் தவிடு நீங்காத அரிசியை உண்ட கோழிகள் நலமடைந்தன. தவிட்டில் உயிருக்கு வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது என்னும் உண்மைக்கு இது வழிகாட்டியது. அப்பொருளை இன்று தயமின் என்கிறோம். 1929-இல் ஐக்மனுக்கு நோபெல் பரிசில் பாதி கிடைத்தது. நம் வீட்டுப் புழுங்கலரிசியின் சிறப்பும் இதனால் விளங்குகிறது. நெல்லைப் புழுக்கும்போது இச்சத்தின் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

அவரும் தள்ளாடும் கோழியைக் கண்டார், நானும் கண்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் 'ஏன் என்று கேளுங்கள்' என்று சொல்லி வந்தவன், என் வீட்டில் ஒரு சிறுமி அவ்வாறே கேட்டபோது, தெரிந்தவன்போல விடை சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால், அன்றைக்கே கால்நடை மருந்தகத்திற்குப் போயிருப்போம். சிவலை பிழைத்திராது, நோயுற்றதைப் பிரித்து வைத்திருந்தால், மற்றவற்றுள் சில பிழைத்திருக்கலாம்.

மாணவ நண்பர்களே! சிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோழியோடு குடித்தனம் செய்பவர் சிரிக்காமல் இருக்கவும் முடியாது. சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பவர் உங்களினும் சிறியவராயினும் நின்று செவிகொடுங்கள்.

எங்கள் கூட்டில் மீண்டும் கோழிகள் இருக்கின்றன. சொட்டு விட்ட நாளும், ஊசி போட்ட நாளும், அடுத்துப் போடவேண்டிய நாளும் பேத்தியின் குறிப்பேட்டில் இருக்கின்றன. புதிதாக வரும் கோழிக்கு மூன்று வாரம் தனிக் கூடை என்பது அவள் இட்ட சட்டம். பிழைத்த குஞ்சுகளில் ஒன்று இன்று சேவலாகி நிற்கிறது. அதுவும் ஆலைப் பேருந்தைக் கண்டால் கூவுகிறது. என் துணைவியார் இப்போது கடிகாரத்தைப் பார்த்த பிறகே கோலமாவை எடுக்கிறார்.