ஆண்டு மலர் உருவாகும் விதம்

ஒரு வகுப்பினர் படிப்பை முடித்துப் பிரியும் ஆண்டில், தம் பெயர்களையும் படங்களையும் ஆக்கங்களையும் தொகுத்து அச்சிட்டுக்கொள்ளும் நூலை ஆண்டு மலர் என்கிறோம். கணினியைக் கருவியாகக் கொண்டு கலை பயிலும் கல்லூரி மாணவர் ஓர் ஆண்டு மலரை எவ்வாறு வடிவமைக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அசைவூட்டக் கலை ஒரு பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. இத்துறை மாணவர்கள் திரையில் வரைகிறார்கள். வரைந்த உருவங்களை நடக்கவும் பேசவும் வைக்கிறார்கள். அவர்களுக்கு அச்சிட்ட மலர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் போன்ற எல்லையூர்களிலும் வாழும் உங்களுக்கு இதன் விடை விளங்கும். வேலையை நாடிக் குடும்பங்கள் இடம்பெயர்கின்றன, செல்பேசிகள் மாறுகின்றன, அவற்றிலிருந்த படங்களும் காணாமற் போகின்றன. அலமாரியிலுள்ள நூலோ மின்சாரமும் கேட்பதில்லை, கடவுச்சொல்லும் கேட்பதில்லை. ஆயினும் அந்நூலுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. திரையில் கண்ட பிழையை அடுத்த நொடியே திருத்தலாம். தாளில் ஏறிய பிழை, அச்சிட்ட படிகள் அனைத்திலும் நிலைத்துவிடும்.

வடிவமைப்பு கணினியில் தொடங்குவதன்று. தாளை மடிப்பதில் தொடங்குகிறது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முந்தைய மடிப்புக்குக் குறுக்காக அமையுமாறு மும்முறை மடியுங்கள். விளிம்புகளை வெட்டாமல், மூலைகளை மட்டும் தூக்கி, 1 முதல் 16 வரை பக்க எண் இடுங்கள். இப்போது தாளை முழுதும் விரித்துப் பாருங்கள். எண்களிற் பாதி தலைகீழாக நிற்கும். 1க்குப் பக்கத்தில் 16 இருக்கும். 8உம் 9உம் அருகருகே இருக்கும். அச்சகத்தார் இப்பதினாறு பக்கத் தொகுதியைப் பாரம் என்பர். பல பாரங்களை அடுக்கித் தைத்தால் நூல் உருவாகிறது. ஆகவே மலரின் பக்கங்கள் 16இன் மடங்காக அமைதல் சிக்கனம். 43 பக்கங்களுக்கு மட்டும் செய்தி சேர்த்தவர், மூன்று பாரங்களில் எஞ்சும் 5 வெற்றுப் பக்கங்களுக்கும் சேர்த்தே தாள் விலை கொடுக்க நேரும். 32 பேர் கொண்ட வகுப்பாயின் ஆளுக்கொரு பக்கம் போக, ஆசிரியர் உரைக்கும் குழுப் படங்களுக்கும் 16 பக்கங்கள் கிடைக்கும்.

அசையும் படத்தை அசையாத தாளில் எப்படிக் காட்டுவது? ஒரு காட்சியிலிருந்து சில சட்டங்களை எடுத்து வரிசையாக அச்சிடலாம். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. வலப்பக்க மூலைகளில் சிறு சிறு மாற்றங்களுடன் ஓர் உருவத்தை அச்சிட்டு, பெருவிரலால் பக்கங்களை விரைந்து தள்ளினால் அவ்வுருவம் அசையும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. 48 பக்க நூலில் உள்ளவை 24 இதழ்கள். எனவே மலர் முழுவதும் சேர்ந்து ஒரே ஒரு நொடிப் படம் ஆகிறது!

நிறம் பற்றியும் அறிய வேண்டும். திரை ஒளியால் நிறம் தருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலப்பு அது. தாள் தானாக ஒளிர்வதில்லை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் நுண்புள்ளிகளாலேயே அதில் நிறங்கள் உண்டாகின்றன. ஒரு வண்ண இதழை உருப்பெருக்கியால் நோக்கினால் இப்புள்ளிகளைக் காணலாம். மைகளால் எட்ட முடியாத நிறங்கள் சில உண்டு. 2018இல் மூணாற்று மலைகளில் பூத்த நீலக்குறிஞ்சியின் படம் திரையில் ஒளிவிடுவதைப் போலத் தாளில் ஒளிவிடாது. சற்று மங்கியே தோன்றும். திரையை நம்பி நிறத்தை முடிவு செய்தல் ஆகாது. ஒரு பக்கத்தையேனும் மாதிரி அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஒளிப்படத்தின் அளவும் அத்தகையதே. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 படப்புள்ளிகள் வேண்டும். 1200 புள்ளி அகலமுள்ள படத்தை 4 அங்குலத்திற்கு மேல் விரித்தால் தெளிவு குறையத் தொடங்கும். வாட்ஸ்அப் வழியாக அனுப்பும்போது படங்கள் சுருக்கப்படுவதால், எடுத்த கருவியிலிருந்தே அவற்றைப் பெறுதல் நன்று. பக்க விளிம்புவரை நிறம் நிரம்ப வேண்டுமாயின், வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும்.

இனித் தமிழ் எழுத்துக்கு வருவோம். நம் எழுத்துகளில் புள்ளியும் சுழியும் மேலே எழும். உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்கும். ஆங்கிலத்திற்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. ஒருங்குறி எழுத்துருவையே பயன்படுத்த வேண்டும். கேரளத்தைச் சேர்ந்த சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வக் குழு, மலையாளத்துக்கு மீரா என்னும் எழுத்துருவை வழங்கியதுடன், தமிழுக்கு மீரா இனிமை என்பதையும் இலவசமாகத் தந்திருக்கிறது. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கும். அதையும் கவனித்தல் வேண்டும்.

மலரில் பெயர்ப்பட்டியலே எல்லாவற்றினும் முதன்மையானது. பெரும்பாலும் பிழை நேர்வதும் அங்கேதான். வகுப்புப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பார்த்துத் தமிழில் எழுதிவிடுவர். எம், ஏ, ஆர், ஏ, என் என்னும் ஐந்து எழுத்துகளைக் காண்பவர் மாறன் என எழுதுவாரா, மாரன் என எழுதுவாரா? மாறன் பாண்டியருக்கு உரிய பெயர். மாரன் மன்மதனின் பெயர். வள்ளியும் வல்லியும் ஆங்கிலத்தில் ஒன்றே. மலையாளப் பட்டியலாயின் ர, ற வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் காக்கப்படும். எனினும் நகரத்திற்கும் னகரத்திற்கும் அங்கு ஒரே வடிவம்தான். தலைப்பெழுத்திலும் இதே இடர்ப்பாடு உண்டு. 'எம்.' என்றிருப்பது முருகனின் 'மு.'வா, மாரியப்பனின் 'மா.'வா என்பதைப் பட்டியல் சொல்லாது. தந்தையின் பெயரை அறிந்த மாணவரே சொல்ல வேண்டும்.

இச்சிக்கல் மிகப் பழையது. 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ்நூல் அச்சாயிற்று. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்துகளில் இருந்தன. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், நாம் வாழும் இதே கேரளத்தின் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துகளிலேயே அச்சிடப்பட்டது. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் மொழிபெயர்த்த அந்நூலுக்கும் 16 பக்கங்களே!

ஆகவே மலர்க்குழுவினர் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு சிறு தாளைக் கொடுத்து, தம் பெயரைத் தலைப்பெழுத்துடன் தம் கையாலேயே தமிழில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதத் தயங்குபவர் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதலாம். பெயர் சூட்டியவர்கள் அவர்கள்தாமே. பின்னர்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்த வேண்டும். ஒருங்குறியின் குறியெண் வரிசையில் றகரம் லகரத்திற்கு முன் நிற்கிறது. அவ்வெண்களை மட்டும் கொண்டு அடுக்கினால் மறைமலை முன்னும் மலர்விழி பின்னும் வருவர். நம் நெடுங்கணக்கின்படி மலர்விழியே முந்த வேண்டும்.

இறுதியில் மெய்ப்பு நோக்கல். இதைத் திரையில் செய்யாமல் தாளில் அச்சிட்டே செய்தல் வேண்டும். குழுவினர் இருமுறை படித்தபின், அவரவர் பக்கத்தை அவரவரிடமே கொடுத்துப் பெயரைச் சரிபார்த்துக் கையொப்பம் பெற வேண்டும். விடுப்பில் இருப்பவருக்காக ஒரு நாள் காத்திருப்பதில் தவறில்லை. 32 கையொப்பங்களும் சேர்ந்தபின் கோப்பு பொள்ளாச்சிக்கோ தேனிக்கோ சிவகாசிக்கோ செல்லலாம். அங்கே நான்கு மைகளுக்கும் நான்கு தகடுகள் செய்வார்கள். தகடு ஆனபின் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் புதுத் தகடு வேண்டும்.