பொது வனவிலங்கு நிலங்களில் பெசன்ட் பறவைக்கான புல்வெளி மேலாண்மை: அமெரிக்க நடுமேற்குப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

கழுத்தில் வெண்வளையம் கொண்ட பெசன்ட் பறவை (ஃபசியானஸ் கோல்சிகஸ்), மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை ஆகியவை அடங்கிய ஃபசியானிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இப்பறவை, 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஓரிகான் மாநிலத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கு நிலைபெற்றது. 1943இல் தெற்கு டகோட்டா இதனைத் தன் மாநிலப் பறவையாக ஏற்றது. வேட்டைக்குரிய இப்பறவையின் எண்ணிக்கை, வேட்டையைக் காட்டிலும் புல்வெளியின் தன்மையையே பெரிதும் சார்ந்துள்ளது. அச்சார்பினையும் அதிலிருந்து எழும் மேலாண்மை முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் நிதியும்

1937இல் இயற்றப்பட்ட பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்கு ஒதுக்கியது. மின்னசோட்டாவின் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள் போன்ற பொது நிலங்கள் இத்தகைய நிதியால் பராமரிக்கப்படுகின்றன. தனியார் நிலங்களில், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான நிலப்பாதுகாப்பு இருப்புத் திட்டம், 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் உழவர்களுக்கு வாடகை வழங்கி விளைநிலத்தைப் புல்வெளியாக்கியது. 2007இல் ஏறத்தாழ 3.68 கோடி ஏக்கரை எட்டிய இத்திட்டம், தானிய விலை உயர்ந்து ஒப்பந்தங்கள் முடிவுற்றபோது சுருங்கியது. எனவே எஞ்சியுள்ள பொது நிலத்தின் ஒவ்வோர் ஏக்கரும் முன்னிலும் கூடுதலான பயனைத் தர வேண்டியதாயிற்று.

இனப்பெருக்கத்தின் தேவைகள்

பெட்டை தரையில் கூடமைத்து 10 முதல் 12 முட்டைகள் இடும். ஏறத்தாழ 23 நாள்கள் அடைகாக்கும். முட்டையிடும் காலத்தையும் சேர்த்தால், கூடு ஐந்து முதல் ஆறு வாரங்கள் வரை குலையாதிருத்தல் வேண்டும். வசந்தத்தின் தொடக்கத்தில் புதுப்புல் உயர்வதற்கு முன்பே கூடமைக்கத் தொடங்குவதால், முந்தைய ஆண்டின் உலர்ந்து நிற்கும் தண்டுகளே மறைவிடமாகின்றன. ஜூன் மாதத்தில் குதிரைமசால் வயல்களை அறுக்கும்போது, கூட்டைவிட்டு எழாத பெட்டையும் முட்டைகளோடு மடிவதுண்டு. பொது நிலங்களில் புல்லறுப்பை ஆகஸ்டு வரை தள்ளிவைப்பதன் காரணம் இதுவேயாகும்.

குஞ்சுகளின் தேவை வேறு. முதற்சில வாரங்களில் அவை பூச்சிகளையே முதன்மையாக உண்கின்றன. அடர்ந்த ஒற்றைப்புல் பரப்பில் பூச்சிகள் குறைவு. குஞ்சுகள் ஊடுருவி நடப்பதும் அரிது. பூக்கும் அகன்ற இலைச் செடிகள் விரவி, அடியில் வெற்றுத்தரையும் மேலே நிழலும் உள்ள புல்வெளியே அவற்றுக்கு ஏற்றது.

இடையூறு என்னும் கருவி

புல்வெளியைத் தீண்டாது விட்டுவைத்தலே பாதுகாப்பு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆயின், தீண்டப்படாத புல்வெளியில் ஆண்டுதோறும் சருகு படிந்து, பூச்செடிகள் அருகி, அயல்நாட்டுப் புரோம் புல்லும் செஞ்சிடார் மரமும் மேலோங்குகின்றன. பிரெய்ரி என்பது நெருப்பாலும் காட்டெருமை மேய்ச்சலாலும் உருவான நிலம். அவ்விரண்டும் நீங்கியபின் அவற்றின் பணியை மேலாளரே ஆற்ற வேண்டியுள்ளது.

ஏப்ரல் இறுதி முதல் மே நடுப்பகுதி வரையிலான திட்டமிட்ட எரிப்பு இதற்குச் சான்று. குளிர்காலப் புல்லாகிய புரோம் அப்போது பசுமையாக வளர்ந்திருப்பதால் தீயால் நலிவுறும். வெப்பகாலப் புற்களாகிய பிக் புளூஸ்டெம், சுவிட்ச் புல் போன்றவை அப்போதுதான் துளிர்க்கத் தொடங்குவதால் பெரிதும் தப்பும். எரிந்த பகுதியில் அவ்வாண்டு கூடமைக்க மறைவு இராது என்பது இதன் விலை. 160 ஏக்கர் நிலத்தை நான்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் எரித்தால், 120 ஏக்கர் கூடுகளுக்கு எஞ்சும். எரிந்த 40 ஏக்கர் கோடையில் குஞ்சுகளுக்கு மேய்விடமாகும். முதற்கூட்டை இழந்த பெட்டை மீண்டும் கூடமைக்க முயலும் இயல்பும் இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது.

உயர்ந்த மரங்கள் பருந்துக்கும் ஆந்தைக்கும் இருக்கையாகின்றன. ஆதலால் புல்வெளியிடையே நிற்கும் மரங்கள் அகற்றப்படுகின்றன. பனிப்புயலின்போது சம்பு அடர்ந்த ஈரநிலங்களும் குறும்புதர்களும் புகலிடமாகும். அவற்றை ஒட்டி மக்காச்சோளமோ சோளமோ அறுவடையின்றி விடப்படுமாயின், உணவு தேடி வெட்டவெளியில் அலையும் தேவை குறையும்.

அயற்பறவையும் தாயகப் புல்வெளியும்

அயல்நாட்டுப் பறவைக்காகப் பொதுநிலத்தைப் பேணுதல் தகுமா என்னும் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இல்லினாய் மாநிலத்தில் பெசன்ட் பெட்டைகள் பிரெய்ரிக் கோழியின் கூடுகளில் முட்டையிட்டு அதன் இனப்பெருக்கத்திற்குக் கேடு விளைவித்தமை பதிவாகியுள்ளது. அத்தகைய இடங்களில் அழியும் நிலையிலுள்ள தாயகப் பறவைக்கே முன்னுரிமை தேவை. பிற இடங்களில், பெசன்டுக்காக மீட்கப்படும் புல்வெளி தாயகப் பாடும் பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் வாழிடமாகிறது. மின்னசோட்டாவின் தொல் பிரெய்ரியில் ஏறத்தாழ 1 விழுக்காடே எஞ்சியுள்ள சூழலில், இப்பயன் சிறிதன்று. எனினும் அப்பயன் தானாக விளைவதன்று; ஒற்றைப்புல்லை விதைக்கிறோமா, பல்வகைத் தாயகச் செடிகளை விதைக்கிறோமா என்பதே அதனை முடிவுசெய்கிறது.

முடிவுரை

ஒரு சேவல் பல பெட்டைகளுடன் இணையும் இயல்புடையதாதலால், சேவல்களை மட்டும் வேட்டையாடுவது எண்ணிக்கையைப் பெரிதும் பாதிப்பதில்லை. பண்ணையில் வளர்த்த பறவைகளை விடுவித்தலும் நிலைத்த பயன் தருவதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை விரைவில் மடிகின்றன. கூடமைக்கும் இடமும் குஞ்சு வளரும் இடமும் பனிக்காலப் புகலிடமும் அருகருகே அமைதலே இன்றியமையாதது. வெவ்வேறு அகவையுடைய புல் ஒரே நிலத்தில் எப்போதும் இருக்குமாறு இடையூற்றைப் பகிர்ந்தளிப்பதே மேலாளரின் பணி. பொது நிலம் மட்டும் இத்தேவை முழுவதையும் நிறைவுசெய்ய இயலாது. அண்டை உழவரின் புல்வெளியோடு இணையும்போதே அது முழுப்பயன் தரும்.