சரியாகச் சொன்னால் தெரியும் என்று அர்த்தமா?

மார்கழி விடியற்காலை. சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்தில் ஒரு மொட்டை மாடி. கண்மாய்ப் பக்கம் வெள்ளையாக ஏதோ எழும்புகிறது. "அப்பா, அங்க தீ எரியுது!" என்று கத்துகிறீர்கள். பட்டாசு ஊரில் புகை என்றால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். அப்பா ஓடிப்போய்ப் பார்க்கிறார். கரைக்குக் கீழே, யாரோ குளிர்காய மூட்டிய தீ உண்மையிலேயே கனன்றுகொண்டிருக்கிறது. ஆனால் நன்றாகக் காய்ந்த விறகு, கங்காகிவிட்டது. அதில் புகையே இல்லை. நீங்கள் பார்த்தது தண்ணீர் மேல் படிந்த மூடுபனி!

நீங்கள் சொன்னது சரிதான். அப்படியானால் தீ இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

சிரிக்காதீர்கள், இது பெரியவர்களையே திணறடித்த கேள்வி. ஒன்றை நம்புகிறோம், அது உண்மையாகவும் இருக்கிறது, நம்புவதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் அது அறிவு என்று பலர் சொல்லிவந்தார்கள். 1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் மூன்றே பக்கக் கட்டுரை ஒன்றில், மூன்றும் இருந்தும் அறிவு இல்லாமல் போகலாம் என்று காட்டினார். அந்த ஓட்டையை அடைக்க எழுதப்பட்ட பக்கங்களை அடுக்கினால் ஓர் அறை போதாது.

"இந்த ஓட்டையை எங்கள் ஊரில் எப்போதோ பார்த்துவிட்டார்களே" என்று எடுத்துக்காட்டியவர் பிமல் கிருஷ்ண மதிலால். 1935இல் வங்காளத்தில் பிறந்தவர். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் பாடம் சொன்னார். பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போய், இந்தியத் தர்க்கத்தை இன்றைய மேலைத் தர்க்கத்தோடு சேர்த்துப் படித்தார். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் முதன்முதலில் அமர்ந்த ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவிக்குப் பின்னாளில் இவரும் வந்தார். 1991இல் மறையும்வரை அதில் இருந்தார்.

புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது இந்தியத் தர்க்கத்தின் பழைய பாடம். நம் மணிமேகலையிலேயே அது வருகிறது. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் ஸ்ரீஹர்ஷர் அந்தப் பாடத்தையே கொஞ்சம் கலைத்துப் பார்த்தார். ஒருவன் மூடுபனியைப் புகை என்று எண்ணி "நெருப்பு இருக்கிறது" என்கிறான். தற்செயலாக அங்கே நெருப்பும் இருந்துவிடுகிறது. இதை அறிவு என்பீர்களா என்று கேட்டார். அறிவுக்கு யார் என்ன இலக்கணம் சொன்னாலும் அதை உடைத்துக் காட்டுவது அவருக்குப் பிடித்த வேலை! மதிலால் 1986இல் வெளியான தன் நூலில் ஸ்ரீஹர்ஷரையும் கெட்டியரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்.

இது வெறும் வாய்ச்சண்டை என்று எனக்குத் தோன்றவில்லை, அதுவும் நம் பக்கத்தில். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கலந்தால் லேசான உரசலே தீப்பிடிக்கப் போதும். "ஒண்ணும் ஆகாது" என்று ஒருவர் அதைக் கலக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னது பலித்தது, ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. தீப்பெட்டி செய்கிறவருக்கோ தெரியும்: குளோரேட் குச்சியின் முனையில், சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில். இரண்டும் உரசும்வரை சட்டைப்பையில் பெட்டி சும்மா கிடப்பது அதிர்ஷ்டத்தால் அல்ல, அந்தப் பிரிவினையால். விளைவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், தீப்பிடிக்கவில்லை. எது ஏன் நடக்கவில்லை என்று சொல்ல முடிகிறதா என்பதில்தான் வேறுபாடு.

ஸ்ரீஹர்ஷரிடம் இன்னொரு புதிரும் உண்டு. மூடிய கையில் எத்தனை சோழி? ஒருவன் குருட்டாம்போக்கில் "ஐந்து" என்கிறான், ஐந்தேதான். நீங்கள் ஒற்றையா இரட்டையா விளையாடும்போது தினமும் நடப்பதுதான் இது. இப்போது நான் ஒரு முடிச்சுப் போடுகிறேன். ஒருவன் தொடர்ந்து பத்து முறை சரியாகச் சொல்கிறான். உங்களுக்குச் சந்தேகம் வருகிறது. கவனித்தால், விரலிடுக்கு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறான்! கள்ளாட்டம்தான். ஆனால் உங்கள் எல்லாரிலும் விடை உண்மையிலேயே தெரிந்திருந்தது அவன் ஒருவனுக்குத்தான், இல்லையா?