துடுப்பு வலிக்கும் பிள்ளைகளும் உடல் வலியும்



எமது குடும்பங்களில் பிள்ளை என்ன விளையாடுகிறது என்று கேட்டால், முன்பெல்லாம் டெனிஸ், நீச்சல், கிரிக்கெட் என்றே பதில் வரும். இப்போது ‘க்ரூ’ என்ற சொல்லும் காதில் விழுகிறது. துடுப்புப் படகோட்டப் போட்டியைத்தான் இங்கே அப்படி அழைக்கிறார்கள். பிரின்ஸ்டனில் அண்ட்ரூ கார்னகியின் பணத்தில் அணைகட்டி 1906 இல் உருவாக்கிய கார்னகி ஏரியிலும், வெஸ்ட் வின்ட்சரின் மெர்சர் ஏரியிலும் விடியற்காலையில் பிள்ளைகள் படகு இறக்குகிறார்கள். வளைகுடாப் பகுதியில் ஓக்லண்ட், டெக்சஸில் ஒஸ்டின் என்று அங்குள்ள குடும்பங்களுக்கும் இது புதிதல்ல.

இந்த விளையாட்டுக்கும் எமக்கும் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். கொழும்பில் 1864 இலும் சென்னையில் 1867 இலும் வெள்ளையர் தமக்கென இதற்குக் கழகங்கள் அமைத்தார்கள். பேர வாவிக்கும் அடையாற்றுக்கும் இடையிலான மெட்ராஸ்–கொழும்புப் போட்டி 1898 இல் தொடங்கியது. அதற்கெல்லாம் முன்பே வள்ளம் வலித்தவர்கள் நம்மவர்கள். துடுப்பை ‘வலிப்பது’ என்றுதான் தமிழில் சொல்கிறோம். எவ்வளவு பொருத்தமான சொல்!

போட்டித் தூரம் வழக்கமாக 2000 மீற்றர். பள்ளிக்கூடங்களில் பல இடங்களில் 1500 மீற்றர். 2000 மீற்றரைக் கடக்க ஆறு முதல் எட்டு நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் இருநூறு தடவைக்கு மேல் கால், முதுகு, கை எல்லாம் சேர்ந்து முழுப் பலத்துடன் இழுக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குக் கைகளின் வேலை போலத் தெரிந்தாலும் பெரும் பங்கு கால்களுடையது. இரத்தம் கொண்டுவரும் ஒட்சிசன் போதாத நேரத்தில் தசைகள் சீனியை ஒட்சிசன் இன்றியே எரிக்கின்றன. அப்போது தசைக்குள் அமிலத்தன்மை கூடி, தொடை நெருப்பாக எரிகிறது. இந்த எரிவு ஆபத்தானது அல்ல. ஓய்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மறுநாள் வரும் உளைவுக்கு லக்ரிக் அமிலம் தேங்கியதே காரணம் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமே காரணம். அதுவும் இரண்டு மூன்று நாட்களில் மாறிவிடும். இந்த இரண்டு வலிகளையும் பொறுக்கப் பழகுவது இந்த விளையாட்டின் ஒரு பகுதி. பிள்ளைகளுக்கு அதில் ஒரு பெருமையும் இருக்கிறது. அதைக் கெடுக்க நாம் விரும்பவில்லை.

பொறுக்கக் கூடாத வலிகள் வேறு. படகோட்டிகளுக்கு மிக அதிகமாக வருவது நாரி நோ. (தமிழ்நாட்டு அன்பர்கள் இடுப்பு வலி என்பார்கள்.) வளரும் பிள்ளைக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் அது நீடித்தாலோ, பின்பக்கமாக வளையும்போது கூடினாலோ, முள்ளந்தண்டு எலும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் விறைத்தால் காத்திருக்கக் கூடாது. சலம் கட்டுப்பாடின்றிப் போனால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு.

அடுத்தது விலா எலும்பு. ஓயாமல் இழுப்பதால் அதில் மெல்லிய கீறல் விழும். ஆழமாக மூச்செடுக்க, இரும, படுக்கையில் புரள நோகும். ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். “எக்ஸ்-ரே நல்லாயிருக்கு” என்று மறுநாளே படகில் ஏற்றிவிடுகிறோம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். சில வாரங்கள் ஓய்வுதான் மருந்து. பால் குடிக்காத, வெயில் படாத, சரியாகச் சாப்பிடாத பிள்ளைகளுக்கு எலும்பு இன்னும் எளிதாகக் கீறும். எடை குறைந்தோர் பிரிவுக்காகப் பட்டினி கிடக்கும் பிள்ளைகளை விசேடமாக அவதானியுங்கள். ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு 2024 பாரிஸ் போட்டிகளோடு முடிந்துவிட்டது. மகளுக்கு மூன்று மாதங்கள் மாதவிலக்கு வராவிட்டால் “பயிற்சி செய்தால் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்.

விடுமுறைக்குப் பின் முதல் வாரத்தில், அதுவும் டெக்சஸ் வெயிலில், அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தால் தசை சிதைந்து இரத்தத்தில் கலக்கும். தசை வீங்கிக் கடுமையாக நோகும். சலம் பிளேன்ரீ நிறத்தில் போகும். சிறுநீரகம் பழுதடையலாம் என்பதால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பயிற்சிக்கு முன்பே அட்வில் போட்டுக்கொண்டு போகும் வழக்கமும் நல்லதல்ல. அது காயத்தை மறைக்கிறது. நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தையும் தாக்குகிறது.

கனடாவின் சில்க்கன் லோமனைப் பிள்ளைகள் உதாரணம் காட்டுவார்கள். 1992 மே மாதம் ஜேர்மனியின் எசன் நகரில் வேறொரு படகு மோதி அவரது கால் எலும்பு முறிந்து தசையும் கிழிந்தது. பல சத்திரசிகிச்சைகளுக்குப் பின், சுமார் பத்தே வாரங்களில், பார்சிலோனாவில் வெண்கலம் வென்றார். உண்மைதான். ஆனால் அவர் அப்போது 27 வயதுப் பெண். என்ன காயம் என்று தெரிந்துகொண்டு, வைத்தியர்கள் பக்கத்தில் இருக்கத்தான் இறங்கினார். பிரித்தானியரான ஸ்டீவ் ரெட்கிரேவ், 1997 இல் நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் 2000 சிட்னியில் தமது ஐந்தாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அவரும் நோயை மறைக்கவில்லை. இன்சுலினோடு பயிற்சி செய்தார்.

எமது பிள்ளைகளோ மறைக்கிறார்கள். படகில் இருக்கை போய்விடும், கல்லூரி அனுமதிக்கான வாய்ப்பு போய்விடும் என்ற பயம். (அந்த வாய்ப்பும் ஆண், பெண் இருபாலாருக்கும் ஒன்றல்ல. பெண்களின் படகோட்டத்துக்கு 1997 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. போட்டி நடத்துகிறது. ஆண்களின் படகோட்டம் அதற்குள் இல்லை.) இன்னொரு காரணம் வீட்டிலேயே இருக்கிறது. 83 இற்குப் பின் புறப்பட்ட எம்மில் பலர் காயத்தோடு நடந்தவர்கள், முகாமில் மருந்தின்றிக் கிடந்தவர்கள். “இதெல்லாம் ஒரு நோவா?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்கிறோம். கேட்ட பிள்ளை அடுத்த முறை வாயே திறப்பதில்லை. எமக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. பிள்ளைக்கு இன்று வைத்தியரும் காப்புறுதியும் இருக்கின்றன.

கடைசியாக இதயம். துடுப்பு வலிக்கும்போது நெஞ்சு நொந்தால், மயங்கி விழுந்தால், படபடப்பு வந்தால் அன்றே பயிற்சியை நிறுத்தி இதய வைத்தியரைப் பார்க்க வேண்டும். நாற்பது வயதில் எடை குறைக்க எர்கோமீட்டரில் ஏறும் தந்தையர்க்கும் இது பொருந்தும். மாரடைப்பு எமது இனத்தில் இளமையிலேயே வருகிறது. இதயத் தசை நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரளவில் இருப்பதாக 2009 இல் ஓர் ஆய்வு கண்டது. அது இருப்பதால் மட்டும் நோய் வரும் என்றில்லை. ஆனால் குடும்ப வரலாறு முக்கியம்.

பள்ளி விளையாட்டுப் படிவத்தில் “குடும்பத்தில் 50 வயதுக்கு முன் யாராவது திடீரென்று இறந்தார்களா?” என்ற கேள்வி வரும்போது நாம் யோசிக்காமல் ‘இல்லை’ என்று போடுகிறோம். யுத்தத்தில் போனவர்கள் நினைவில் நிற்கிறார்கள். “நித்திரையிலேயே போய்விட்டார்” என்ற பெரிய மாமாவும், “கிணற்றில் குளிக்கும்போது விழுந்த” சித்தப்பாவும் மறந்துபோகிறார்கள். படிவத்தை நிரப்புமுன் யாழ்ப்பாணத்துக்கோ தஞ்சாவூருக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, அம்மம்மாவிடம் அவர்களுக்கு என்ன வயது, அன்று என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.